பிட்காயின் பேரேட்டில் யார் தலையில் பாக்கி?



"கோடு பச்சைக்கு வந்துவிட்டது. இப்போது வாங்கிப் போட்டால் நஷ்டமே வராது." ஷிப்டு முடிந்து மில் கேட்டை விட்டு வரும் இளந்தொழிலாளர் சிலர் கைபேசியை நீட்டி நம்மிடம் இப்படிச் சொல்கிறார்கள். கைபேசியில் ஒரு வரைபடம் தெரிகிறது. மேலே சிவப்புப் பட்டை, கீழே பச்சைப் பட்டை, நடுவே மேடும் பள்ளமுமாக ஓடும் ஒரு கோடு. கோடு சிவப்பைத் தொட்டால் விற்கவேண்டும். பச்சையைத் தொட்டால் வாங்கவேண்டும். இவ்வளவுதான் சூத்திரம். பிட்காயின் என்னும் மின்னணு நாணயத்தின் விலை எப்போது ஏறும், எப்போது விழும் என்பதை அறிய இது விஞ்ஞானக் கணக்கு என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

அந்தப் பிள்ளைகளைக் கேலி செய்ய நாம் விரும்பவில்லை. போனஸ் பணத்தையும், பி.எப்.பிலிருந்து எடுத்த பணத்தையும் ஓரிடத்தில் போடுவதற்கு முன் ஒரு கணக்கைத் தேடிப் பார்த்திருக்கிறார்களே, அதுவே மெச்சத்தக்கது. ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் கொட்டும் என்று கொங்கு நாட்டில் ஆசை காட்டினார்கள். 2012-இல் அந்தக் குமிழி உடைந்தது. அப்போது கணக்குக் கேட்டவர்கள் மிகச் சிலரே. இன்றைய இளைஞன் கணக்குக் கேட்கிறான். நல்லது. அவனோடு சேர்ந்து உட்கார்ந்து நாமும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு அவனே முடிவு செய்யட்டும்.

திறந்து வைத்த பேரேடு

பிட்காயின் 2009 ஜனவரியில் தொடங்கியது. சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ பலரோ அதை உருவாக்கினார்கள். எந்தச் சர்க்காரும் அதை வெளியிடுவதில்லை. எந்தப் பாங்கியும் அதற்குப் பொறுப்பில்லை. உலகெங்கும் உள்ள கம்ப்யூட்டர்கள் ஒரே பேரேட்டைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கம் வீதம் எழுதிக்கொண்டே போகின்றன. ஒரு பக்கத்தை அடுத்த பக்கத்தோடு பூட்டு மாட்டிக் கோத்திருப்பதால் அதற்குச் சங்கிலி, அதாவது 'செயின்' என்று பெயர். பக்கம் எழுதும் கம்ப்யூட்டருக்குப் புதிய நாணயம் கூலியாகக் கிடைக்கிறது. அந்தக் கூலி ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். 2024 ஏப்ரலில் குறைந்த பிறகு ஒரு பக்கத்துக்கு 3.125 நாணயம், ஒரு நாளைக்குச் சுமார் 450 நாணயம். மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் நாணயம் வராது என்பது விதி.

இந்தப் பேரேட்டில் ஒரு விசேஷம் உண்டு. எந்த மில் முதலாளி தன் கணக்குப் புத்தகத்தைத் தொழிலாளி முன் திறந்து வைப்பான்? போனஸ் பேச்சுவார்த்தையில் லாபக் கணக்கைக் காட்டு என்று கேட்டவர்களுக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். பிட்காயின் பேரேடோ எல்லோரும் பார்க்கத் திறந்து கிடக்கிறது. எந்த நாணயம் எந்தத் தேதியில் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்குப் போயிற்று என்பது அதில் பதிவாகியிருக்கிறது. பெயர் இராது, முகவரி எண் மட்டும் இருக்கும்.

இந்தப் பேரேட்டைப் புரட்டி எடுத்த கணக்குகளுக்குத்தான் 'ஆன்-செயின்' அளவுகோல்கள் என்று பெயர். அவற்றில் தலையாயது எம்.வி.ஆர்.வி. என்பது. பெயர்தான் வாயில் நுழையாது. கணக்கு மிகச் சுலபம்.

பத்து மனைக் கணக்கு

ஊருக்கு வெளியே பத்து வீட்டுமனைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே அளவு. மூன்று பேர் ஆரம்பத்தில் ஆளுக்கு 1 லட்சம் கொடுத்து வாங்கினார்கள். அடுத்து நான்கு பேர் 2 லட்சம் வீதம் வாங்கினார்கள். பிறகு இரண்டு பேர் 5 லட்சம் வீதம். கடைசியாக ஒருவர் 10 லட்சம் கொடுத்து ஒரு மனை வாங்கினார்.

இப்போது அந்தப் பத்து மனைகளின் மதிப்பு என்ன? தரகரைக் கேட்டால், "கடைசியாக 10 லட்சத்துக்குப் போயிற்று. பத்து மனை, ஆகவே ஒரு கோடி" என்பார். இதைத்தான் சந்தை மதிப்பு என்கிறார்கள். பத்திரிகையில் "பிட்காயினின் மொத்த மதிப்பு இத்தனை லட்சம் கோடி" என்று வருகிறதே, அது இந்தத் தரகர் கணக்குதான். ஒரு மனை விற்ற விலையை, விற்காத ஒன்பது மனைக்கும் சேர்த்துப் பெருக்குகிறார்கள்.

இன்னொரு விதமாகவும் கணக்குப் போடலாம். அவரவர் உண்மையில் எவ்வளவு பணம் கொடுத்தார்கள்? 3 லட்சம், 8 லட்சம், 10 லட்சம், 10 லட்சம். ஆக மொத்தம் 31 லட்சம். ஒவ்வொரு மனையும் கடைசியாகக் கைமாறியபோது இருந்த விலையைக் கூட்டினால் வரும் தொகை இது. இதைக் கைமாறிய மதிப்பு என்று நாம் சொல்லலாம். பிட்காயினுக்கு இந்தக் கணக்கை 2018-இல் வகுத்தார்கள். பேரேட்டில் ஒவ்வொரு நாணயமும் கடைசியாக எப்போது அசைந்தது என்று பார்த்து, அன்றைய விலையை அதற்குப் போட்டுக் கூட்டுவார்கள்.

சந்தை மதிப்பைக் கைமாறிய மதிப்பால் வகுத்தால் வருவதுதான் எம்.வி.ஆர்.வி. நம் மனைக் கணக்கில் 100-ஐ 31-ஆல் வகுக்கிறோம். சுமார் 3.2 வருகிறது. அதாவது கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் காகிதத்தில் மூன்று ரூபாய் இருபது காசு நிற்கிறது. இந்த விகிதம் 3.7-ஐத் தாண்டினால் விலை அளவுமீறி ஊதியிருக்கிறது, 1-க்குக் கீழே போனால் சல்லிசாகக் கிடைக்கிறது என்று 2018 அக்டோபரில் இதை வெளியிட்டவர்கள் வரம்பு கட்டினார்கள். கைபேசியில் தெரியும் சிவப்பும் பச்சையும் இந்த மாதிரி வரம்புகளே.

அறுபத்தொன்பது லட்சம் யார் தருவது?

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. சந்தை மதிப்பு ஒரு கோடி. உள்ளே வந்த பணம் 31 லட்சம். இடையில் நிற்பது 69 லட்சம். இந்த 69 லட்சம் எங்கே இருக்கிறது? யாருடைய பெட்டியிலும் இல்லை. எந்தப் பாங்கியிலும் இல்லை. மனைக்காரர்கள் தங்களுக்கு வரவேண்டியது என்று மனதில் எழுதி வைத்திருக்கும் தொகை அது. அதை யார் தரவேண்டும்? இனிமேல் மனை வாங்க வருகிறவன் தரவேண்டும். வேறு யாரும் தரமுடியாது.

ஒரு மில்லில் பஞ்சு உள்ளே போகிறது, நூல் வெளியே வருகிறது. வயலில் நாற்று நடுகிறோம், நெல் அறுக்கிறோம். மனையிலாவது ஒரு குடிசை போடலாம், இரண்டு ஆடு கட்டலாம். பிட்காயினில் என்ன விளைகிறது? விலை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் ஒரு முழம் நூல் கூடுதலாக நூற்கப்படுவதில்லை. அது வட்டி தருவதில்லை, வாடகை தருவதில்லை. ஆகவே ஒருவன் எடுத்துச் செல்லும் லாபம் முழுவதும் இன்னொருவன் கொண்டுவந்த பணமே. இதற்கு மேல், நாள்தோறும் பிறக்கும் 450 நாணயங்களில் பெரும்பகுதியைக் கரண்டுக் கட்டணம் கட்டவே விற்கிறார்கள். நாணயம் ஒரு லட்சம் டாலர் என்று இருந்தால், அந்தப் புது நாணயங்களை மட்டும் வாங்கிக்கொள்ளவே நாளொன்றுக்கு நாலரைக் கோடி டாலர் வெளியிலிருந்து வந்தாகவேண்டும்.

அப்படியானால் எம்.வி.ஆர்.வி. எதை அளக்கிறது? நாணயத்தின் உண்மை மதிப்பை அது அளக்கவில்லை. முன்னால் வந்தவர்கள் பின்னால் வருகிறவர்களிடம் வசூலிக்கக் காத்திருக்கும் பாக்கியை அது அளக்கிறது. விகிதம் ஏற ஏற அந்தப் பாக்கிச்சீட்டு நீள்கிறது. இதைப் புரிந்துகொண்டால் வரைபடம் பாதி புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

மீதிப் பாதியையும் பார்ப்போம். 1 லட்சத்துக்கு மனை வாங்கிய மூவரில் ஒருவர் தன் மனையைப் புதிதாக வந்த ஒரு தொழிலாளிக்கு 10 லட்சத்துக்கு விற்கிறார். விலை மாறவில்லை, சந்தை மதிப்பு அதே ஒரு கோடி. ஆனால் கைமாறிய மதிப்பு 31-லிருந்து 40 லட்சமாகிவிடுகிறது. விகிதம் 3.2-லிருந்து 2.5-க்கு இறங்கிவிடுகிறது! கோடு சிவப்பை விட்டு விலகிவிட்டது, ஆபத்து குறைந்தது என்று வரைபடம் காட்டும். யாருக்கு ஆபத்து குறைந்தது? 9 லட்சம் லாபத்தோடு வெளியேறியவருக்குக் குறைந்தது. அவர் இறக்கி வைத்த சுமை முழுவதும் புதிய மனிதரின் முதுகில் ஏறிவிட்டது. அளவுகோல் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சராசரியைத்தான் சொல்லும். சுமை யார் முதுகில் என்று சொல்லாது.

பிறகு விலை 3 லட்சத்துக்கு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 30-ஐ 40-ஆல் வகுத்தால் 0.75. பச்சைப் பட்டை! "எல்லோரும் நஷ்டத்தில் இருக்கிறார்கள், இப்போது வாங்கு" என்பார்கள். எல்லோருமா நஷ்டத்தில் இருக்கிறார்கள்? 1 லட்சத்துக்கும் 2 லட்சத்துக்கும் வாங்கியவர்கள் இன்னும் லாபத்தில்தான் நிற்கிறார்கள். மடிந்தவர்கள் கடைசியாக வந்தவர்கள்.

பலித்த காலமும் பொய்த்த காலமும்

இந்த அளவுகோல் ஒருபோதும் பலித்ததில்லை என்று நாம் சொன்னால் அது நேர்மையல்ல. 2013-இன் கடைசியில் பிட்காயின் ஆயிரம் டாலரைத் தாண்டியபோது விகிதம் ஐந்துக்கு மேல் இருந்தது. பிறகு விலை சரிந்தது. 2017 டிசம்பரில் விலை இருபதாயிரம் டாலரை நெருங்கியபோது விகிதம் நாலுக்கு மேல். ஓராண்டில் விலை மூவாயிரத்துச் சொச்சத்துக்கு வந்தது. 2015-இலும், 2018 கடைசியிலும், 2022-இலும் விகிதம் ஒன்றுக்குக் கீழே போயிற்று. ஒவ்வொரு முறையும் பின்னர் விலை ஏறிற்று. கண்டவன் சொன்ன யோசனையைவிட இந்தக் கணக்கு மேல் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் மணி அடிக்கும் என்று நம்பிக் காத்திருந்தவர்கள் கதி என்ன? 2021-இன் ஆரம்பத்தில் விகிதம் நாலை ஒட்டி வந்தது. நவம்பரில் விலை 69,000 டாலர் என்ற புதிய உச்சத்தைத் தொட்டபோதோ விகிதம் 3.7-ஐ எட்டவே இல்லை. சிவப்பு வரட்டும் என்று உட்கார்ந்திருந்தவன் தலையில் ஓராண்டுக்குள் விலை பதினாறாயிரத்துக்கும் கீழே வந்து விழுந்தது. 2025 அக்டோபரில் விலை 1,26,000 டாலர் வரை போயிற்று. அப்போது விகிதம் இரண்டரைக்கும் குறைவு. சிவப்புக்கு வெகு தூரம். அடுத்த மாதமே விலை 90,000 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டது. உச்சத்துக்கு உச்சம் விகிதம் தாழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. பழைய வரம்பு புதிய காலத்துக்குப் பொருந்தவில்லை. "வரம்பைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். வெள்ளம் வடிந்த பிறகு சுவரில் கோடு போடுவது யாருக்கும் முடியும்.

பதினாறு பதினேழு ஆண்டுச் சரித்திரத்தில் இந்த மாதிரிப் பெரிய ஏற்ற இறக்கம் நாலைந்துதான் நடந்திருக்கிறது. நாலு வருஷ மழையைப் பார்த்து ஐந்தாவது வருஷத்துக்கு விதை விடும் விவசாயி உண்டா?

இன்னொரு கதையும் உண்டு. 'ஸ்டாக்-டு-ஃபுளோ' என்று ஒரு கணக்கு. இருப்பில் உள்ள நாணயத்தை ஆண்டில் புதிதாக வரும் நாணயத்தால் வகுத்து விலையைக் கணித்துவிடலாம் என்று 2019-இல் ஒருவர் புனைபெயரில் எழுதினார். நாடு நாடாக அதை நம்பினார்கள். 2021 முடிவதற்குள் விலை ஒரு லட்சம் டாலர் என்று அதைப் பின்பற்றியவர்கள் அடித்துச் சொன்னார்கள். அந்த ஆண்டு முடிந்தபோது விலை ஐம்பதாயிரத்துக்கும் கீழே இருந்தது. அந்தக் கணக்கில் சரக்கு எவ்வளவு என்று மட்டும் இருந்தது. வாங்குகிறவன் யார், அவன் கையில் பணம் இருக்கிறதா என்ற கேள்வியே இல்லை.

ஒரு சாட்சி, பல சட்டை

"ஒரே அளவுகோலை நம்பவேண்டாம், நாலைந்து சேர்ந்து ஒரே பக்கம் காட்டினால் நம்பலாம் அல்லவா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

என்.யு.பி.எல். என்று ஒன்று இருக்கிறது. சந்தை மதிப்பில் எத்தனை பங்கு காகித லாபம் என்று அது சொல்கிறது. நம் மனைக் கணக்கில் 100-க்கு 69. எம்.வி.ஆர்.வி.யைத் தலைகீழாக எழுதி, ஒன்றிலிருந்து கழித்தால் இதுவே வந்துவிடும். எஸ்.ஓ.பி.ஆர். என்று இன்னொன்று. இன்று அசைந்த நாணயங்கள் வாங்கியபோது இருந்த விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள விகிதம் அது. எல்லாவற்றுக்கும் மூலம் ஒரே பேரேட்டில் ஒரே பத்திதான். கோர்ட்டில் ஒரே சாட்சி சட்டையை மாற்றிக்கொண்டு நாலு தடவை கூண்டில் ஏறினால் நாலு சாட்சி ஆகுமா?

என்.வி.டி. என்பது கொஞ்சம் வேறு வகை. சந்தை மதிப்பை ஒரு நாளில் பேரேட்டில் கைமாறும் தொகையால் வகுப்பது. 2017-இல் பிரபலமாயிற்று. கடை பெரிதாகத் தெரிகிறது, வியாபாரம் நடக்கிறதா என்று பார்க்கும் யோசனை அது. யோசனை நல்லதே. ஆனால் கைமாறும் தொகையைத் துல்லியமாகக் காண முடியவில்லை. பத்து ரூபாய் டீக்கு நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்தால் தொண்ணூறு ரூபாய் சில்லறை திரும்பி வருகிறது. பிட்காயினிலும் இப்படியே சில்லறை திரும்புகிறது. பேரேட்டிலோ நூறும் அசைந்ததாகவே பதிவாகிறது. எது டீக்காசு, எது சில்லறை என்று ஊகித்துத்தான் கழிக்கவேண்டும்.

பேரேட்டுக்குள் வராத விஷயங்கள்

திறந்த பேரேடு என்று சொன்னோம். அதிலும் இருட்டு உண்டு.

முதலாவது, நம் ஊர் இளைஞன் கைபேசியில் நாணயம் வாங்கும்போது பெரும்பாலும் சங்கிலிப் பேரேட்டில் ஒரு வரிகூட எழுதப்படுவதில்லை. வாங்குவதும் விற்பதும் எக்ஸ்சேஞ்சு கம்பெனியின் சொந்தக் கணக்குப் புத்தகத்துக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. உலகின் பெரும்பகுதி வியாபாரம் இப்படித்தான். அந்தப் புத்தகம் திறந்த புத்தகமல்ல. 2014 பிப்ரவரியில் ஜப்பானின் மவுண்ட் காக்ஸ் விழுந்தபோது சுமார் எட்டரை லட்சம் நாணயம் காணவில்லை என்றார்கள். இரண்டு லட்சம் பிறகு கிடைத்தது. 2022 நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். திவாலாயிற்று. வாடிக்கையாளர் பணத்தை வேறு வழியில் திருப்பிய குற்றத்துக்கு அதன் தலைவர் சாம் பேங்க்மன்-ஃபிரைடுக்கு 2024 மார்ச்சில் அமெரிக்க நீதிமன்றம் 25 ஆண்டு சிறை விதித்தது. எந்தப் பச்சைப் பட்டை அந்த வாடிக்கையாளர்களைக் காப்பாற்றியது?

இரண்டாவது, நாணயம் அசைந்தது என்றால் விற்பனை நடந்தது என்று அர்த்தமில்லை. ஒரு பெட்டியிலிருந்து தன் இன்னொரு பெட்டிக்கு மாற்றினாலும் பேரேட்டில் அசைவுதான். 2024 மே மாதம் மவுண்ட் காக்ஸ் சொத்தைப் பராமரிப்பவர்கள் சுமார் 1,40,000 நாணயங்களை இடம் மாற்றி வைத்தார்கள். ஒரு நாணயமும் அன்று விற்கப்படவில்லை. கணக்கிலோ பழைய விலை போய்ப் புது விலை ஏறும்.

மூன்றாவது, தொலைந்துபோன நாணயங்கள். சாவியைத் தொலைத்தவர்களின் நாணயங்களும், சதோஷியுடையவை என்று கருதப்படும் சுமார் பத்து லட்சம் நாணயங்களும் ஆண்டுக்கணக்கில் அசையவில்லை. அவை சந்தை மதிப்பில் முழு விலைக்கு நிற்கின்றன. கைமாறிய மதிப்பிலோ காசு விலைக்கு நிற்கின்றன.

நான்காவது, பிட்காயினுக்கு வகுத்த கணக்கை வேறு நாணயங்களுக்கும் மாட்டுகிறார்கள். 2022 மே மாதம் லூனா என்ற நாணயம் எண்பது டாலர் அளவிலிருந்து சில நாட்களில் ஒரு சென்டுக்கும் கீழே போயிற்று. அதோடு இணைந்த திட்டத்தில் ஆண்டுக்கு இருபது சதவீதத்தை ஒட்டி வட்டி தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்படி விழுந்ததற்கு "சல்லிசு" என்று பெயர் சொல்ல முடியுமா? பூஜ்யத்துக்குக் கீழே பட்டை ஏது?

காத்திருக்க யாரால் முடியும்?

இவ்வளவையும் ஒருவன் கற்றுத் தேர்ந்து, பச்சையில் மட்டுமே வாங்குகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் நிலை என்ன?

2018 நவம்பரில் விலை ஐயாயிரம் டாலர் சுற்றில் இருந்தபோதே விகிதம் ஒன்றுக்குக் கீழே வந்துவிட்டது. அன்று வாங்கியவன் விலை மூவாயிரத்துச் சொச்சத்துக்கு விழுவதையும் பார்த்தான். மீள்வதற்கு 2019 வசந்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022-இல் ஜூன் மாதம் பச்சை வந்தது. இடையில் சிறிது காலம் தலைதூக்கியது தவிர 2023 ஜனவரி வரை விலை அதிலேயே கிடந்தது. ஏழு மாதம்.

ஏழு மாதம் என்றால் என்ன? பணக்காரனுக்கு அது காலண்டரில் ஏழு தாள். தொழிலாளிக்கு அது ஜூனில் பள்ளிக்கூடச் செலவு, ஆடியில் வட்டிக்காரன், ஐப்பசியில் தீபாவளி, நடுவில் ஒரு காய்ச்சல், ஒரு சாவு, ஒரு கல்யாணச் செய்முறை. வேலை இல்லாத மாதங்களில் விவசாயத் தொழிலாளிக்கு அரிசியே அந்தச் சேமிப்பிலிருந்துதான் வரவேண்டும். அவன் தேவை வரும் நாளில் விற்பான். விலை வரும் நாளில் அல்ல. களத்துமேட்டில் நெல்லை அறுத்தவுடன் விற்கவேண்டிய குத்தகைக்காரனும், கிடங்கில் பூட்டி வைத்து ஆறு மாதம் கழித்து விற்கும் மண்டிக்காரனும் ஒரே நெல்லுக்கு ஒரே விலையா பெறுகிறார்கள்? அங்கே உள்ள வித்தியாசம்தான் இங்கேயும். நெல் விலை பற்றி மண்டிக்காரனுக்குத் தெரிந்ததெல்லாம் குத்தகைக்காரனுக்கும் தெரியும். காத்திருக்கும் சக்தி ஒருவனிடம் இருக்கிறது, மற்றவனிடம் இல்லை.

இது நம் ஊகம் மட்டுமல்ல. உலக மத்திய வங்கிகளுக்குப் பொதுவான சர்வதேசத் தீர்வு வங்கி 2022-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. 95 நாடுகளில் 2015 முதல் 2022 வரை கைபேசிச் செயலி மூலம் இறங்கியவர்களைப் பார்த்தது. நூற்றுக்கு 73 முதல் 81 பேர் வரை பிட்காயினில் நஷ்டப்பட்டிருக்கக்கூடும் என்று மதிப்பிட்டது. விலை ஏறும்போது சிறியவர்கள் வாங்கினார்கள். அதே வேளையில் மிகப் பெரிய கைகள் விற்றன. 2022-இல் லூனாவும் எஃப்.டி.எக்ஸும் விழுந்த சமயத்திலும் இதேதான் நடந்தது என்று அதே வங்கி 2023-இல் எழுதிற்று. பெரியவர்கள் விற்றதைச் சிறியவர்கள் வாங்கிக்கொண்டார்கள். இந்த உண்மையைக் கண்டுபிடிக்க உதவியதும் அந்தத் திறந்த பேரேடுதான். இதுதான் சங்கிலிக் கணக்கின் உண்மையான உபயோகம் என்று நாம் கருதுகிறோம். நாளை விலையை அது சொல்லாது. நேற்று யார் யாரிடம் சுமையை இறக்கினார்கள் என்று சொல்லும்.

நம் நாட்டில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. 2022 ஏப்ரல் முதல் இந்த நாணய லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் வந்த லாபத்தோடு கழிக்க முடியாது. ஒன்றில் 10,000 ரூபாய் லாபம், மற்றொன்றில் 10,000 ரூபாய் நஷ்டம் என்றால் கைக்கு வந்தது பூஜ்யம். வரி மட்டும் 3,000 ரூபாய்! அதே ஆண்டு ஜூலை முதல் விற்கும்போதெல்லாம் நூற்றுக்கு ஒரு ரூபாய் முன்கூட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள். வரைபடத்தில் இந்த வரி எந்த வர்ணத்திலும் காட்டப்படுவதில்லை. ரிசர்வ் பாங்கி 2013 முதல் எச்சரித்து வருகிறது. பணம் போனால் ஈடு செய்ய எந்த டெபாசிட் இன்சூரன்சும் இதற்குக் கிடையாது.

என்ன செய்யலாம்?

கைபேசியை நீட்டும் தம்பிக்கு நாம் சொல்வது இதுதான். அந்த வரைபடத்தைத் தூக்கி எறியவேண்டாம். அதைச் சரியாகப் படி. கோடு மேலே போகும்போது, "எனக்கு முன்னால் வந்தவர்கள் என்னிடம் கேட்கும் பாக்கி இவ்வளவு" என்று படி. கோடு இறங்கும்போது, "யாரோ சுமையை இறக்கிவிட்டார்கள், அல்லது பலர் நசுங்கிவிட்டார்கள், இரண்டில் எது?" என்று கேள்.

யாராவது பச்சை, சிவப்பு என்று காட்டி வாங்கச் சொன்னால் நாலு கேள்வி கேட்டுப்பார். இந்தக் கோடு 2021 நவம்பரிலும் 2025 அக்டோபரிலும் என்ன சொல்லிற்று? நான் வாங்கப்போவது பேரேட்டில் எழுதப்படுமா, கம்பெனிப் புத்தகத்திலா? ஏழு மாதம் இந்தப் பணத்தைத் தொடாமல் என் குடும்பம் ஓடுமா? யோசனை சொல்லும் நீங்கள் என் லாபத்தில் சம்பாதிக்கிறீர்களா, அல்லது நான் வாங்கினாலும் விற்றாலும் கிடைக்கும் கமிஷனிலா?

நாலுக்கும் நேரான பதில் வராவிட்டால் பணத்தை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போ. வட்டிக்கு வாங்கிய பணத்தையோ, பி.எப். பணத்தையோ, மகள் கல்யாணத்துக்குப் போட்டுவைத்த சீட்டுப் பணத்தையோ இதில் வைக்காதே. ஏற்கெனவே போட்டு நஷ்டப்பட்டவர்கள் வெட்கப்பட்டு மறைக்கவேண்டாம். யூனியன் ஆபீசிலும் டீக்கடையிலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் பத்துப் பேர் தப்புவார்கள்.

இரவு ஷிப்டில் கண்விழித்து நின்ற கால்வலியும், சேற்றில் குனிந்த முதுகுவலியும் சேர்ந்துதான் உங்கள் கையில் உள்ள அந்தச் சில ஆயிரம் ரூபாய். யாரோ முன்னால் வந்தவனின் பாக்கியைத் தீர்க்க அதைக் கொண்டுபோய்க் கொட்டவேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.